குண்டு கிராமமும் குண்டு டப்பாவும்

கடலூர்க்காரர்களுக்கு குண்டு உப்பலவாடி என்ற ஊர் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்குப் பெயரே வேடிக்கையாக இருக்கும். அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு மொத்தமாக 'குண்டு கிராமங்கள்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. காரணம் நிஜமாகவே ஒரு பீரங்கிக் குண்டு.

1690-ல் செஞ்சியிலிருந்த மராட்டியர்களிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அதுதான் பிறகு செயின்ட் டேவிட் கோட்டை ஆயிற்று. கோட்டை மட்டும் இல்லை, அதைச் சுற்றியுள்ள நிலமும் சேர்த்து. எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து ஒரு பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு! சர்வேயர், சங்கிலி, பட்டா எதுவும் கிடையாது. சென்னையில் அப்போது கவர்னர் ஈலைஹூ யேல் (அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஆசாமிதான்). சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார்கள். கூடவே ஒரு கடிதம். மருந்தை எப்படிக் கெட்டித்து எப்படிச் சுட்டால் அதிக லாபமோ, அது பீரங்கிக்காரனின் கைத்திறனில் இருக்கிறது என்ற ரீதியில் எழுதியிருந்தார்கள். கம்பெனிக்காரன் கம்பெனிக்காரன்தான். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமங்கள், கடலூர் ஊர் உட்பட, கம்பெனிக்குப் போயின.

இதை நான் முதலில் படித்தபோது எல்லோரையும் போல வெள்ளைக்காரனின் தந்திரத்தை நினைத்துத்தான் சிரித்தேன். அப்புறம் என் தொழில் புத்தி குறுக்கே வந்தது. நான் அகமதாபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோலில் இருக்கிறேன். பதினாலு வருஷமாக மாத்திரைகளை எடைபோடுவதுதான் பிழைப்பு. ஒரு பேட்ச்சிலிருந்து 20 மாத்திரை எடுத்து ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து, எது எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்ப்போம். ஒரே ஒரு மாத்திரையை எடைபோட்டு "ஓகே" என்று கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே எனக்குத் தோன்றிய கேள்வி இதுதான்: அதே பீரங்கியில், அதே மருந்தைப் போட்டு, அதே கோணத்தில் மறுபடியும் சுட்டிருந்தால் குண்டு அதே இடத்தில் விழுந்திருக்குமா?

விழுந்திருக்காது. ஏன் என்று முதன்முதலாக ஒழுங்காகக் கணக்குப் போட்டுச் சொன்ன மனிதர், அறுபது வருஷம் கழித்து அதே தேவனாம்பட்டினம் கோட்டையில் வந்து இறந்துபோனார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707-ல் இங்கிலாந்தில் பாத் நகரில் பிறந்தவர். கணித ஆசிரியர். 1742-ல் பீரங்கிக் கலையைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதுவரை எல்லோரும் கலிலியோ சொன்ன வளைகோட்டை வைத்து, குண்டு காற்றே இல்லாத உலகத்தில் பறப்பது போலக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்குப்படி பல மைல் போகவேண்டிய மஸ்கட் குண்டு ஒரு மைல்கூடத் தாண்டாமல் விழுந்துவிடும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குண்டு வேகமாகப் போகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, எப்படி அளப்பது?

ராபின்ஸ் செய்தது ரொம்ப எளிமையான காரியம். ஒரு கனமான ஊசலைத் தொங்கவிட்டார். அதன் முகத்தில் மரப்பலகை. அதில் மஸ்கட்டால் சுட்டால் குண்டு பலகையில் பதிந்து நிற்கும், ஊசல் பின்னால் ஆடும். எவ்வளவு ஆடியது என்பதை ஒரு ரிப்பனின் நீளத்தை வைத்து அளந்தார். குண்டின் எடை தெரியும், ஊசலின் எடை தெரியும், ஆடிய தூரம் தெரியும். குண்டு என்ன வேகத்தில் வந்து மோதியிருக்க வேண்டும் என்பது நம் ஊர் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் கணக்கு. நொடிக்கு 1,600 அடிக்கு மேல் வந்தது. பிறகு ஊசலைக் கொஞ்சம் தள்ளி வைத்துச் சுட்டார். வேகம் குறைந்தது. இன்னும் தள்ளி வைத்தார். இன்னும் குறைந்தது. காற்று ஒன்றுமில்லாத வஸ்து இல்லை, வேகமாகப் போகிறவனைப் பிடித்து இழுக்கிற வஸ்து என்று ரிப்பன் சொல்லிவிட்டது. ஒலியின் வேகத்தை ஒட்டி அந்த இழுப்பு திடீரென்று கூடுகிறது என்பதைக்கூட அவர் கவனித்திருக்கிறார். ஜெட் விமானம் வருவதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்பு!

இன்னொரு சோதனை இதைவிட அழகு. உருண்டைக் குண்டு ஒரே துப்பாக்கியிலிருந்து ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் ஏன் விலகுகிறது? குழலுக்குள் குண்டு கொஞ்சம் தளர்வாக இருக்கும். வெளியே வரும்போது ஏதோ ஒரு பக்கம் உரசி, அந்தப் பக்கத்துக்கேற்பச் சுழலும். சுழல்கிற பந்து காற்றில் வளையும் (நம் ஊர் ஸ்பின்னர்களின் 'ட்ரிஃப்ட்' இதே சமாசாரம்). இதை நிரூபிக்க ராபின்ஸ் ஒரு மஸ்கட் குழலின் முனையை இடப்பக்கமாக வளைத்தார். குண்டு முதலில் இடப்பக்கம் கிளம்பி, போகப்போக வலப்பக்கம் திரும்பி விழுந்தது. குழலுக்குள் மரை போல வரிகளை வெட்டி (அதுதான் ரைஃபிளிங்) குண்டை எப்போதும் ஒரே அச்சில் சுழலவிட்டால் இந்தத் தறிகெட்ட சுழற்சி இருக்காது. இந்த ரகசியத்தை எந்த நாட்டுப் படை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்கிறதோ அதன் கை ஓங்கும் என்று 1740-களிலேயே எழுதி வைத்துவிட்டார். ஜெர்மன் மொழியில் 1745-ல் அவர் புத்தகத்தை மொழிபெயர்த்து விரிவுரை எழுதியவர் யார் தெரியுமா? ஆய்லர். கணிதம் படித்தவர்கள் எழுந்து நிற்கலாம்.

அப்பேர்ப்பட்ட மனிதரை கம்பெனி தலைமை என்ஜினியராக நியமித்து, கோட்டைகளைச் சீர்ப்படுத்த இங்கே அனுப்பியது. 1750-ல் வந்தார். காய்ச்சலில் விழுந்து எழுந்தார். 1751 ஜூலை 29 அன்று செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார். வயது 44. நாற்பது ஐம்பது வயதில் ஊரை விட்டு வேலைக்கு வந்து, போன இடத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் போகிற கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதானே. கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அந்தக் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. கடலூரில் பள்ளிக்கூடம் படித்த எனக்கு ஒரு வாத்தியாரும் இவரைப் பற்றிச் சொன்னதில்லை.

*

இனி குறி பார்த்துச் சுடுகிறவர்கள் பக்கம் வருவோம். ராணுவத்துக்கு ஒருவகைத் துல்லியம் போதும். போட்டியில் சுடுகிறவனுக்குப் போதாது. அவனுக்கு முதல் குண்டு போன ஓட்டையிலேயே இரண்டாவதும் போகவேண்டும். இந்தப் பைத்தியம் முற்றிய இடம் அமெரிக்கா.

1874 செப்டம்பர் 26 அன்று நியூயார்க் பக்கத்தில் க்ரீட்மூர் மைதானத்தில் ஒரு போட்டி. முந்தைய வருஷம் பிரிட்டனின் பெரிய கேடயத்தை வென்ற அயர்லாந்து அணி, அமெரிக்கர்களைச் சவாலுக்கு அழைத்திருந்தது. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1,000 கஜம். ஐரிஷ்காரர்களிடம் ரிக்பி துப்பாக்கிகள். மருந்தையும் குண்டையும் வாய்ப்பக்கமாகக் கெட்டிக்கிற பழைய முறை. அமெரிக்கர்களிடம் பின்பக்கம் திறந்து தோட்டா போடுகிற ரெமிங்டனும் ஷார்ப்ஸும். புது முறை தோற்றுவிடும் என்பதுதான் பலருடைய எண்ணம். கடைசியில் 934-க்கு 931 என்று அமெரிக்கா ஜெயித்தது. மூன்று புள்ளி!

இதில் இரண்டு கிளைக்கதைகள். ஐரிஷ் அணியில் மில்னர் என்பவர் ஒரு குண்டை நடுப்புள்ளியில் அடித்தார். ஆனால் பக்கத்து ஆளின் இலக்கில்! நாலு புள்ளி போச்சு. அது இருந்திருந்தால் 935. அமெரிக்க அணியில் கடைசியாகச் சுடவேண்டிய கர்னல் போடைன், தாகத்துக்கு இஞ்சி பியர் பாட்டிலைத் திறக்க, அது வெடித்து உள்ளங்கை கிழிந்துவிட்டது. கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்து, ஆயிரம் கஜத்தில் நடுப்புள்ளியை அடித்தார். கோலி சோடா உடைத்துக் கையைக் கிழித்துக்கொண்டவர்களுக்கு அந்த வலி புரியும் :-)

தோட்டா என்கிறோமே, அதில் இருப்பது நாலே நாலு சாமான். பித்தளைக் கூடு. அதன் அடியில் சின்னதாக ஒரு கேப் (தீபாவளித் துப்பாக்கியில் 'டப்' என்று வெடிக்குமே, அதன் அண்ணன்). கூட்டுக்குள் மருந்து. வாயில் குண்டு. சுட்டபிறகு மருந்தும் கேப்பும் தீர்ந்துவிடும், குண்டு போய்விடும். விலை உயர்ந்த சாமானான பித்தளைக் கூடு மட்டும் கையில் மிஞ்சும். அதைத் தூக்கி எறிய மனசு வராதவர்கள் வீட்டிலேயே மறுபடி நிரப்ப ஆரம்பித்தார்கள். 1884-ல் ஜான் பார்லோ என்பவர் நியூ ஹேவனில் ஐடியல் என்ற பெயரில் கம்பெனி தொடங்கி இதற்கென்றே ஒரு கைக்கருவி விற்றார். படத்தைப் பார்த்தால் அசப்பில் நம் பாட்டிகளின் பாக்குவெட்டி. பழைய கேப்பைத் தள்ளுவது, புதிதை அழுத்துவது, குண்டைக் கூட்டின் வாயில் பொருத்துவது எல்லாம் அதிலேயே முடியும்.

சிக்கனத்துக்காக ஆரம்பித்தது சீக்கிரமே வேறு ஒன்றாக மாறியது. தொழிற்சாலைத் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவாகத் தைத்த ரெடிமேட் சட்டை மாதிரி. ஆனால் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு சுபாவம் உண்டு. சுடும்போது இரும்புக் குழலே தம்பூரா தந்தி போல அதிர்கிறது. குண்டு வெளியே வரும் நொடியில் முனை எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அடி மாறும். அதனால் தன் துப்பாக்கிக்கு எந்தக் குண்டு, எந்த மருந்து, எவ்வளவு ஆழத்தில் பொருத்தினால் ஒத்துப்போகிறது என்று ஒவ்வொருவரும் தேட ஆரம்பித்தார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுவது, ஐந்து சுடுவது, ஓட்டைகளின் பரப்பை அளப்பது, நோட்டில் எழுதுவது. துப்பாக்கியின் கட்டை குழலைத் தொடும் இடத்தைச் சரிசெய்வது, விசையின் இழுவையை மாற்றுவது என்று மறுபக்கமும் வேலை நடக்கும். சுருதி சேர்ப்பதுதான், வேறென்ன. (அளவு தவறினால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். ஆகவே அங்கேயும் அச்சிட்ட அட்டவணையைத் தாண்டிப் போவதில்லை.)

இந்தக் கூட்டத்தில் என் மனதுக்குப் பிடித்தவர் டாக்டர் ஃப்ராங்க்ளின் மான். மாசசூசெட்ஸில் மருத்துவம் படித்தவர். கோழித் தீவனத்துக்கு எலும்பு அரைக்கும் இயந்திரம் செய்து பணம் சம்பாதித்து, அத்தனையையும் ஒரு கேள்விக்குச் செலவு செய்தார். ஒரே மாதிரி சுட்டாலும் குண்டுகள் ஏன் ஒரே இடத்தில் போவதில்லை? மனிதக் கையின் நடுக்கம் கணக்கில் வரக்கூடாது என்பதற்காகக் கான்கிரீட் மேடை கட்டி அதில் குழலைப் பொருத்தினார். வழி நெடுகக் காகிதத் திரைகளைக் கட்டி, குண்டு எங்கெங்கே எப்படித் துளைத்துப் போகிறது என்று பார்த்தார். வேண்டுமென்றே குண்டுகளைச் சேதப்படுத்தியும் சுட்டார். மூக்கு நசுங்கிய குண்டு அவ்வளவாக விலகவில்லை. அடிப்பாகம் கொஞ்சம் கோணலான குண்டுதான் எங்கேயோ போயிற்று! நாம் எல்லோரும் கூர்மையான முனையைத்தான் முக்கியம் என்று நினைப்போம். குண்டு குழலை விட்டு வெளியேறும் கணத்தில் பின்னாலிருந்து தள்ளும் வாயு, கோணலான அடிப்பாகத்தின் ஒரு பக்கமாக முதலில் தப்பிக்கிறது, குண்டைச் சாய்த்துவிடுகிறது. 1909-ல் எல்லாவற்றையும் புத்தகமாகப் போட்டார். தோல்வியில் முடிந்த சோதனைகளையும் மறைக்காமல் சேர்த்துத்தான். எங்கள் துறையில்கூட அந்த நேர்மை அபூர்வம்.

இரண்டாம் உலகப் போரில் குண்டுக்குப் பஞ்சம் வந்தபோது, 1943-ல் கலிபோர்னியாவில் ஃப்ரெட் ஹண்டிங்டன் என்பவர், சுட்டு எறிந்த சின்ன .22 தோட்டாக்களின் காலிக் கூட்டைக் கொண்டே வேறு குண்டுக்கு மேலுறை செய்யும் அச்சு தயாரித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆர்.சி.பி.எஸ். என்ற கம்பெனி. இன்று கையால் தோட்டா நிரப்புகிறவர்களில் அந்தப் பெயர் தெரியாதவர் இருக்க முடியாது. அவர்கள் ஒவ்வொருவர் பையிலும் குண்டின் வேகத்தை அளக்கும் ஒரு குட்டி எலக்ட்ரானிக் கருவி இருக்கும். சராசரி வேகத்தைவிட, குண்டுக்குக் குண்டு வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். ராபின்ஸின் ஊசலுக்கு அது கொள்ளுப்பேரன்.

*

சரி, நம் நாட்டில் ஏன் இப்படி ஒரு பழக்கம் வளரவில்லை? நம் ஆட்களுக்குக் கைத்திறன் இல்லையா? சிவகாசி இருக்கிற நாட்டில் அதை யாரும் சொல்ல முடியாது. வெடியுப்புக்கு 18-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவே பீகாரைத்தான் நம்பியிருந்தது. குழலின் வாய்ப்பக்கம் கரிமருந்து கெட்டித்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி நரிக்குறவர்களிடம் நம் காலம் வரை இருந்தது. ஒவ்வொரு குண்டும் கையால் நிரப்பியதுதான்.

காரணம் 1857. என்ஃபீல்ட் துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் தடவிய கொழுப்பு மாட்டுடையதா பன்றியுடையதா என்ற செய்தி 1857 ஜனவரியில் கல்கத்தா டம்டமில் பரவி, என்ன ஆயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின் வந்தது லிட்டன் காலத்து 1878 ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ். சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் புதுச் சட்டம் வந்தது. ஆனால் தோட்டா தயாரிக்க லைசென்ஸ் வேண்டும் என்பது மாறவில்லை. சமையலறை மேஜையில் பாக்குவெட்டிக் கருவியை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைக் கழிக்கிற அமெரிக்கத் தாத்தா இங்கே இருந்தால் ஜெயிலில் இருப்பார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த நாட்டுச் செய்திகளை வாரம் தவறாமல் படிக்கிறவன் என்ற முறையில் நம் சட்டம் எனக்குச் சம்மதமே. ஆனால் அதன் விளைவு ஒன்று உண்டு. தோட்டா செய்வது இங்கே முழுக்க அரசாங்கத் தொழிற்சாலை வேலையாயிற்று. புனே பக்கம் கட்கியில் 1869-லிருந்து தோட்டாத் தொழிற்சாலை இருக்கிறது. ஊட்டி ரயிலில் குன்னூருக்குக் கொஞ்சம் மேலே வரும் அருவங்காடு ஸ்டேஷன் ஞாபகம் இருக்கிறதா? அங்கே நூறு வருஷத்துக்கு மேலாகக் குண்டுக்கான மருந்து தயாராகிறது. 2021-ல் பழைய ஆர்டினன்ஸ் போர்டைக் கலைத்தபோது இரண்டும் புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே அரசு கம்பெனியின் கீழ் வந்தன. ராணுவத்தின் தேவைதான் அவற்றின் முதல் வேலை. ஒலிம்பிக்கில் ஒரு மில்லிமீட்டர் தேடுகிறவனின் தேவை வேறு.

இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் 1951-ல் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் மக்களவையின் முதல் சபாநாயகர் மாவலங்கர், எங்கள் அகமதாபாத் எம்.பி. இன்றும் தகுதிப் போட்டிக்கு அவர் பெயர்தான். ஆரம்ப காலத்தில் பெரிய போட்டிகளில் சுட்டவர்களில் முன்னணியில் இருந்தது ராஜ குடும்பத்தினர். பிகானீர் மகாராஜா கர்ணி சிங் ஐந்து ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார், 1962-ல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். துப்பாக்கியும் தோட்டாவும் வாங்க வசதி உள்ளவர்களின் விளையாட்டு.

கதவைத் திறந்தது காற்றுத் துப்பாக்கி. மருந்தே கிடையாது. அழுத்திய காற்று 4.5 மி.மீ. ஈயக் குண்டைத் தள்ளுகிறது. வரம்புக்கு உட்பட்ட சக்தி என்றால் ஆயுத லைசென்ஸ் வேண்டாம். பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு ஹால் இருந்தால் ரேஞ்சு. துப்பாக்கிச் சுடுதலில் இந்தியா பாரிஸ் 2024 வரை வாங்கிய ஒலிம்பிக் பதக்கம் ஏழு. ராத்தோர் 2004, விஜய் குமார் 2012, ஸ்வப்னில் குசாலே 2024 என்ற மூன்றுதான் மருந்துத் தோட்டாவில் வந்தவை. 2008-ல் பிந்த்ராவின் தங்கம், 2012-ல் ககன் நாரங், 2024-ல் மனு பாக்கர் தனியாகவும் சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்தும் வாங்கிய இரண்டு, ஆக நாலும் காற்றில் வந்தவை. இது தற்செயல் இல்லை என்பது என் கட்சி.

குசாலே சுடுகிற .22 தோட்டாவில் கேப்புக்குப் பதில் கூட்டின் விளிம்புக்குள்ளேயே வெடிப்பொருள் இருக்கிறது. அதை அமெரிக்கத் தாத்தாவாலும் சாதாரணமாக மறுபடி நிரப்ப முடியாது. அப்படியானால் அங்கே என்ன வழி? பொறுக்கி எடுப்பதுதான். ஒரே பிராண்டு, ஒரே விலை, ஒரே பெட்டி. ஆனால் பேட்ச்சுக்கு பேட்ச் வித்தியாசம். ஆகவே சுடுகிறவர்கள் தங்கள் துப்பாக்கியை ஐரோப்பாவில் தோட்டா செய்யும் கம்பெனிக்கே எடுத்துப் போய், அதை இரும்புப் பிடியில் இறுக்கி, ஒவ்வொரு பேட்ச்சிலும் சுட்டுப் பார்த்து, நன்றாக ஒன்றுசேர்கிற பேட்ச்சை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். ஈயக் குண்டிலும் அப்படியே. 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று தலை அளவு போட்டே டப்பா வரும். அளவு சரியாக இருந்தாலும் பேட்ச் சரியாக இருக்கவேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2018-ல் சிட்னியில் ஜூனியர் உலகக் கோப்பையில் இளவேனில் வாலறிவன் தங்கம் வாங்கியபோது அகமதாபாத் தமிழர்கள் வீட்டிலெல்லாம் அதே பேச்சு. இங்கே வளர்ந்த பெண். பிறந்த ஊர் கடலூர்! என் வீட்டில் அடுத்த மாதமே பெண் ரேஞ்சுக்குக் கிளம்பிவிட்டாள். ரேஞ்சுத் துப்பாக்கிதான், வாடகைக்கு. நன்றாகத்தான் போனது. ஒரு வருஷம் கழித்து, பத்தும் ஒன்பதுமாக வந்துகொண்டிருந்தவளுக்குத் திடீரென்று எட்டும் ஏழும் விழ ஆரம்பித்தது. கவனம் இல்லை, மொபைல் பார்க்கிறாள், தூக்கம் போதவில்லை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சக பெற்றோர் ஒருவர், சொந்தத் துப்பாக்கி இல்லாமல் இதற்கு மேல் போக முடியாது என்று விலைப்பட்டியலே அனுப்பினார். இரண்டு மூன்று லட்சம் ஆகும். பெண் ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். "எனக்கு இது வராதுப்பா, விட்டுடலாம்" என்றாள்.

அடுத்த நாள் ரேஞ்சில் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் கம்பெனியில் எதை எடுத்தாலும் முதலில் பேட்ச் நம்பரைப் பார்க்கிற வியாதி. கடைக்காரர் கொடுத்த புது டப்பாவும், தீர்ந்துபோன பழைய டப்பாவும் ஒரே பிராண்டு, ஒரே அளவு, வேறு பேட்ச். கோச்சிடம் காட்டினேன். குஜராத்திக்காரர், அதிகம் பேசமாட்டார். "மூன்று டப்பா கொண்டு வா பேட்டா" என்று பெண்ணிடம் சொல்லி, துப்பாக்கியை மேஜைமேல் வைஸில் இறுக்கினார். மனிதக் கையே படக்கூடாது. டப்பாவுக்குப் பத்துப் பத்தாக மூன்று காகிதங்கள். முதல் டப்பாவில் பத்தும் சேர்ந்து பட்டாணி அளவு ஒரே ஓட்டை. மூன்றாவதும் கிட்டத்தட்ட அப்படியே. இவள் இரண்டு மாதமாகச் சுட்டுக்கொண்டிருந்த டப்பாவில் பத்தும் எட்டணா நாணயத்தை மூடுகிற அளவுக்குச் சிதறியிருந்தன. வைஸுக்குத் தூக்கக் குறைவும் கிடையாது, மொபைலும் கிடையாது.

பெண் அந்த மூன்று காகிதத்தையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு தட்டு தயிர்சாதம் சாப்பிட்டாள்.

டாக்டர் மான் கான்கிரீட் மேடை கட்டியது இதற்காகத்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மனிதனின் தவறு எது, சாமானின் தவறு எது என்று பிரித்துப் பார்க்காமல் யாரையும் திட்டுவதற்கு நமக்கு உரிமை இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. போன வருஷம் இதே பெண் ஒருநாள் டப்பாவைக் குறை சொன்னாள். வைஸில் வைத்தோம். டப்பா அருமையாக இருந்தது. அன்றைக்குத் தயிர்சாதம் இல்லை :-)

பெரிய இடங்களில் இது எவ்வளவு நுணுக்கமாகப் போகிறது என்றால், பத்து மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. பேனாவால் வைத்த புள்ளி. பத்துக்குள்ளும் 10.0-லிருந்து 10.9 வரை பிரிப்பார்கள். ஒரு 0.1-க்கு கால் மில்லிமீட்டர். பாரிஸில் இளவேனில் தகுதிச் சுற்றில் 60 குண்டுகளுக்கு 630.7 எடுத்தார். குண்டுக்குச் சராசரி 10.5-க்கு மேல். அப்படியும் பத்தாவது இடம், எட்டுப் பேருக்குத்தான் ஃபைனல். அவர் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியவர், அந்தச் சமயம் உலக நம்பர் ஒன்னாக இருந்தவர். பெய்ஜிங்கில் பிந்த்ராவுக்கும் ஃபைனலுக்கு முன் சரிபார்க்கச் சுட்ட முதல் குண்டு எங்கோ விலகிப் போனது. குறிபார்க்கும் கருவி நகர்ந்திருந்தது. இருந்த சில நிமிஷங்களில் அதைத் திருகித் திருகிச் சரிசெய்துகொண்டுதான் அவர் போட்டிக்குள் போனார். கடைசிக் குண்டு 10.8.

பிள்ளைகளை ரேஞ்சுக்கு அனுப்புகிற, அனுப்பப்போகிற நம் ஆட்களுக்கு: டப்பா வாங்கும்போது பேட்ச் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். நாலைந்து பேட்ச்சில் ஒவ்வொரு டப்பா வாங்கி, கோச்சிடம் கேட்டு, பிள்ளை சுடுகிற அதே துப்பாக்கியை வைஸில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான ரேஞ்சுகளில் அந்த மேஜை ஒரு மூலையில் கிடக்கும், யாரும் கேட்காததால் தூசி படிந்திருக்கும். நன்றாக வந்த பேட்ச்சில் ஆறு மாதத்துக்கு வேண்டியதைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். மூடியைத் திறந்து, ஏற்கெனவே எண்ணிக்கை குறைந்திருக்கிற டப்பாவை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதில் இரண்டு பேட்ச் கலந்திருக்கலாம்.